அக்கா வாயில வராத பேரு

எங்க அக்கா வாயால மச்சான் பேரைச் சொல்ல வைக்கிறதுதான் அந்த நாள்ல எனக்கு முக்கியமான வேலை. கண்டி டவுன்ல புடவைக்கடை வாசல்ல நின்னு, போற வர்ற பொம்பளைகளை "வாங்கம்மா வாங்க, வாங்காட்டியும் பார்த்துட்டுப் போங்க"ன்னு கூப்பிடுறது ரெண்டாவது வேலை. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு வேற என்ன இருக்கு?

"யக்கா, நம்ம வீட்டுல மூக்குக்குக் கீழ கம்பளிப்பூச்சி வளர்க்கிற ஆளு ஒருத்தர் இருக்காரே, அவரு பேரு என்னா?"

"போடா எருமை."

"எருமையா? மச்சான்! உங்க பேரு எருமைன்னு அக்கா சொல்லிடுச்சு!"

அக்கா அகப்பையைத் தூக்கிக்கிட்டு வரும். மச்சான் உள்ள இருந்து சிரிப்பாரு. எத்தனை வருசம் முயற்சி பண்ணியும் அந்தப் பேரு அதோட வாயில இருந்து வரல. எங்க ஆளுங்கள்ல பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான். புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு குறைஞ்சிடுமாம். வெளியாளு யாராவது கேட்டா அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கதிர்காமத்துச் சாமி பேருங்க"ன்னு சொல்லும். நம்ம ஆளுங்களுக்கு அது போதும். மச்சானைத் தெரிஞ்சவங்க சரியாப் புரிஞ்சுக்குவாங்க.

அக்கா சொல்லவே இல்ல. ஆயுசு மட்டும் குறைஞ்சு போச்சு.

மச்சான் ரயில் ஸ்டேசன் பக்கம் ஒரு அரிசி ஸ்டோர்ல வாச்சரா இருந்தாரு. தோட்டங்களுக்குப் போற அரிசி எல்லாம் அங்கதான் இறங்கும், அங்க இருந்துதான் வண்டியில ஏறும். நல்ல மனுசன், ஆனா தண்ணின்னா பயம். எங்க வீட்டுக்குப் பின்னால மலையில இருந்து தண்ணி வந்து விழுற பீலியில நின்னுதான் குளிப்பாரு. அதுலயும் முதல்ல ஒரு தோளு, அப்புறம் மத்தத் தோளு, கடைசியா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத் தலை. "மச்சான், பூனை கூட உங்களை விட தைரியமாக் குளிக்கும்"னு நான் சொல்லுவேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல நடந்தா கூட நடுவுலதான் நடப்பாரு. ஓரத்துக்கு வந்து ஆத்தை எட்டிப் பார்க்க மாட்டாரு.

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது அக்காகிட்ட சொல்லியிருக்காரு, ஸ்டோர்ல பின்கதவு வழியா மூட்டை போகுது, மூட்டை ஏத்துற ரெண்டு பேருதான் செய்றாங்க, திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லப் போறேன்னு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வெத்தலை வாங்கப் போனவரு திரும்பல. செவ்வாய்க்கிழமை கெட்டம்பே பக்கம் மகாவலி ஆத்தோரமா ஒரு பொணம் ஒதுங்கியிருக்குன்னு சொன்னாங்க. ஓடிப் போய்ப் பார்த்தோம். அவருதான்.

மரண விசாரணை ஆத்தங்கரையிலேயே ஒரு மரத்தடியில நடந்துச்சு. விசாரணைக்கார ஐயாவுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து உக்கார ஒரு கதிரை கொண்டாந்து போட்டாங்க. அவரு சிங்களத்துல கேப்பாரு, இங்கிலீசுல எழுதுவாரு. நடுவுல அந்த ஊரு ஆராச்சி, அதாவது ஊருத் தலைவரு, தமிழ்ல சொல்லுவாரு. அவரு தமிழு சந்தையில மரக்கறி வாங்குறதுக்கு மட்டும் போதும்.

அக்கா மச்சானோட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுச்சு. கயிறு கட்டின மாதிரி கறுப்பா ஒரு வளையம். ஆராச்சி பார்த்துட்டு, "ஆத்துல கொடி இருக்குது, அது சுத்தினது"ன்னாரு. குடிப்பாரான்னு கேட்டாங்க. அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "திருவிழாவுக்குக் குடிப்பாங்க"ன்னு சொல்லுச்சு. திருவிழா எந்த மாசம்னு யாரும் கேக்கல. குடிச்சிட்டுக் குளிக்கப் போய் முழுகிட்டாருன்னு எழுதிட்டாங்க.

அப்புறம் பேரைக் கேட்டாங்க.

செத்துக் கிடக்கிற புருசன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அழுது வீங்கின முகத்தோட, அக்கா தலையைக் குனிஞ்சு, "கதிர்காமத்துச் சாமி பேருங்க"ன்னு சொல்லுச்சு.

இனிமே சொல்லப் போறதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அந்த நேரத்துல சிரிப்பு வந்துருச்சு. மச்சான் கிடக்கிறாரு, ஈ மொய்க்குது, எனக்குச் சிரிப்பு. இத்தனை வருசமா வெளியாளு கேட்டா அக்கா சொல்ற அதே பதிலை அதே குரல்ல கேட்டதும் உள்ள இருந்து கிளம்பிடுச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஆத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். அழுறேன்னு நினைச்சு ஒருத்தர் என் முதுகைத் தடவிக் கொடுத்தாரு. பேரைச் சொல்ல வேண்டியவன் நான்தான். எனக்கு அந்தப் பேரைச் சொல்ல ஒரு தடையும் இல்ல. நான் சிரிப்பை முழுங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள ஐயா ஏதோ எழுதி, மையை ஒத்தி எடுத்து, காகிதத்தை மடிச்சிட்டாரு.

அன்னையில இருந்து அக்காவுக்கு ஒரே பேச்சுதான். "அவங்க தானாத் தண்ணியில இறங்கல. யாரோ கொண்டு போயிருக்காங்க. அதை சர்க்கார் எழுதணும்."

பொலிசுக்கு நடந்து, ஸ்டோர்ல மூட்டை போற கதையையும் சொன்னோம். விசாரணை முடிஞ்சு போச்சுன்னாங்க. மறுபடி போனோம், முடிஞ்சு போனது முடிஞ்சு போனதுதான்னாங்க. மூணாந்தரம் போனப்ப அக்காவைப் பார்த்ததும் ஒரு பொலிஸ்காரர் எழுந்து பின்பக்கம் போயிட்டாரு. இப்படியே வருசம் போச்சு. அக்கா நாலு வீட்டுல சமையல் பண்ணி வயித்தைக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. நான் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன்.

மலேரியாக் காய்ச்சல் வந்து ஊரைப் புரட்டிப் போட்ட வருசம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியா மாத்தியிருந்தாங்க. புள்ளைங்க உக்கார்ற வாங்கு எல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டு, தரையில பாய் விரிச்சு ஆளுங்களைப் படுக்க வச்சிருந்தாங்க. அக்கா அங்க கஞ்சி காய்ச்சப் போச்சு. ஒரு நாளு கஞ்சி குடுக்கும்போது ஒரு கிழவரு அதோட கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. மாட்டு வண்டி ஓட்டுறவரு. ஸ்டோர்ல இருந்து அரிசி ஏத்திக்கிட்டுப் போறவரு. மச்சானை நல்லாத் தெரியும்.

அக்கா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டுச்சு. நான் போனப்ப கிழவரு போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டு இருந்தாரு. நடுங்கிக்கிட்டே சொன்னாரு.

"அந்த ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற நேரம், தம்பி. வண்டி பேராதனை ரோட்டுல போகுது. எதிர்ல மூணு பேரு வர்றாங்க. நடுவுல ஒங்க மச்சான். ரெண்டு பக்கமும் மூட்டை ஏத்துற அவனுங்க ரெண்டு பேரு. மச்சானோட ரெண்டு கையையும் மூடி ஒரு சாக்கு. எங்கப்பா போறீங்கன்னு கேட்டேன். குடிச்சிருக்கான், வீட்டுக்குக் கூட்டிப் போறோம்னு சொன்னானுங்க. வீடு இந்தப் பக்கம், அவனுங்க போனது ஆத்துப் பக்கம். ஒங்க மச்சான் என்னையப் பார்த்தாரு."

"ஏன்யா, அப்பவே சொன்னா என்னா?"

"எனக்கு மாடு ரெண்டு, புள்ளை நாலு, தம்பி. ஓட்டம் எல்லாம் அந்த ஸ்டோர்ல இருந்துதான். இப்ப மாடும் போச்சு. நானும் போயிருவேன். பொலிசைக் கூட்டிட்டு வா. ஆரு முன்னால வேணும்னாலும் சொல்றேன்."

அந்த ரெண்டு பேரும் இன்னும் அதே ஸ்டோர்லதான் இருந்தாங்க. ஒருத்தன் மூட்டை ஏத்துறவங்களுக்கெல்லாம் கங்காணி ஆயிட்டான்.

நான் அங்கேயே என் சட்டைப் பையில இருந்த கடை பில் தாளை எடுத்து, பின்பக்கம் அவரு சொன்னதை அப்படியே எழுதினேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவரு கட்டைவிரலை அடுப்புக்கரியில தொட்டு ஒரு கைநாட்டு வச்சாரு.

பொலிஸ் ஸ்டேசன்ல சார்ஜன் அந்தத் தாளைத் தொடவே இல்ல. "எந்த வருசம்? எந்தப் பேரு? என்ன நம்பரு? பழைய பைலைக் கண்டுபுடிச்சு நம்பரைக் கொண்டு வா. பெரிய துரைக்கு ஒரு பெட்டிசனும் எழுதிக் கொண்டு வா. துரை சொன்னாத்தான் முடிஞ்ச கேஸைத் திறக்கலாம்."

"சாட்சிக்காரருக்குக் காய்ச்சல், ராலாமி. ஓடிப் போய் எழுதிட்டு வந்துருங்க, அப்புறம் நம்பர் தேடலாம்." பொலிஸ்காரங்களை நாங்க ராலாமின்னுதான் கூப்பிடுவோம்.

"நம்பர் இல்லாம எதுல எழுதுறது?"

கோர்ட்டுக்கு முன்னால மேசை போட்டுக்கிட்டு ஒரு முஸ்லிம் பெரியவரு பெட்டிசன் எழுதுவாரு. எல்லாரும் நானான்னு, அதாவது அண்ணன்னு, கூப்பிடுவாங்க. அக்கா சொல்லச் சொல்ல அவரு இங்கிலீசுல எழுதினாரு. எழுதி முடிச்சதும் என்ன எழுதினீங்கன்னு கேட்டேன்.

"ஒங்கட காலடியில உழுந்து கும்புட்டுக் கேக்குறேன்டு எழுதி ஈக்குது."

"எத்தனை தரம்?"

"நாலு."

"ரெண்டாக் குறைங்க நானா. அக்காவுக்கு முழங்கால் வலி."

"வாய மூடுறியா, தம்பி? இது வெளையாட்டில்ல." அக்காவைப் பார்த்து, "தங்கச்சி, இவனக் கூட்டிக்கிட்டு எங்கயும் போகாதீங்க"ன்னாரு.

அக்கா லேசாச் சிரிச்சுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அதைப் பார்த்தேன்.

பழைய பைல் எல்லாம் இருக்கிற அறைக்கு ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா. நெத்தியில திருநீறு மூணு கோடு. பேரைக் கேட்டாரு. நான் மச்சானோட சரியான பேரைச் சொன்னேன். பெரிய பொத்தகத்தைத் திறந்து விரலை ஓட்டிக்கிட்டே போனாரு.

"இல்லையே, தம்பி. அப்பிடி ஒரு ஆள் சாகேல்லை."

"செத்துட்டாருங்கய்யா. நான்தான் கொள்ளி வச்சேன்."

"உம்மட மச்சான் செத்திருப்பார். பொத்தகத்திலை சாகேல்லை."

அப்பதான் அக்கா என் பின்னால நின்னுக்கிட்டு மெதுவாச் சொல்லுச்சு. "அன்னைக்கு நான் பேரைச் சொல்லலீங்க. கதிர்காமத்துச் சாமி பேருன்னு மட்டும் சொன்னேங்க."

கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு. "பிள்ளை, அந்தச் சாமிக்கு எத்தினை பேர் எண்டு தெரியுமே?"

ஆனா நல்ல மனுசன். ஒரு துண்டுத் தாள்ல ஒவ்வொரு பேரா எழுதினாரு. கந்தன், வேலன், முருகன், குமரன், ஆறுமுகம், சுப்பிரமணியம், கதிரேசன். எழுதும்போதே கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அதுல ஒண்ணு மச்சானோடது. எதுன்னு இங்கயும் நான் சொல்லப் போறதில்ல. "நாளைக்கு வாரும், பாப்பம்." மறுநாளு கந்தனும் வேலனும் இல்ல. அடுத்த நாளு முருகன்ல ஒருத்தன் கிடைச்சான், ஆனா அவன் தென்னை மரத்துல இருந்து விழுந்தவன். அதுக்கு அடுத்த நாளு ஞாயித்துக்கிழமை.

அக்கா தினமும் காலையில கஞ்சி காய்ச்சப் போகும். கிழவரு கேப்பாரு, "எப்ப வருவாங்க தாயி?" "நாளைக்கு." மறுநாளும், "எப்ப வருவாங்க?" "நாளைக்கு." கொயினா மருந்து குடிச்சுக் குடிச்சு அவருக்குக் காது அடைச்சுப் போயிருந்துச்சு. அக்கா சத்தம் போட்டு "நாளைக்கு"ன்னு சொல்லும். பக்கத்துப் பாயில கிடக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்களாம்.

திங்கக்கிழமை கிளாக்கர் ஐயா என்னைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினாரு. கிடைச்சிருச்சு. பேரு இருக்கிற இடத்துல இங்கிலீசுல எழுதியிருந்ததை எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. கந்தனும் இல்ல, கதிரேசனும் இல்ல. கதரகம. சிங்களத்துல கதிர்காமம் ஊருக்குச் சொல்ற பேரு. ஆராச்சி சொன்னதை விசாரணைக்கார ஐயா அப்படியே எழுதி வச்சிருக்காரு. மச்சான் சர்க்கார் பொத்தகத்துல மனுசனா இல்ல, ஊராச் செத்திருக்காரு.

கிளாக்கர் ஐயா சிரிச்சிட்டாரு. அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கிட்டாரு. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல.

நம்பரைத் தூக்கிக்கிட்டு ஸ்டேசனுக்கு ஓடினேன். சார்ஜன் பார்த்தாரு. "இதுல செத்தது கதரகம. உங்க அக்கா புருசன் பேரு வேற. இது யாரோ ஒருத்தன் கேஸு."

"ராலாமி, ஆத்துல ஒதுங்கினது அவருதான். நான் பார்த்தேன். அக்கா பார்த்துச்சு."

"அப்ப ரெண்டும் ஒரே ஆளுன்னு உங்க அக்கா சத்தியக் கடுதாசி குடுக்கணும். ஜேபி ஐயா முன்னால. அவரு முத்திரை வேணும்."

சத்தியக் கடுதாசிக்கு முத்திரை குத்துற அந்த ஜேபி ஐயா புதன்கிழமைதான் ஆளுங்களைப் பார்ப்பாரு. கண்டிக் குளத்துக்கு மேல மேட்டுல வீடு. நாங்க ரெண்டு பேரும் விறாந்தையில நின்னோம். நானா எழுதிக் குடுத்த காகிதத்தை ஐயா வாசிச்சிட்டு, தமிழ்லயே கேட்டாரு. "உன் புருசன் பேரு என்ன?"

நான் சொன்னேன்.

"உன்னைக் கேக்கல. சத்தியம் பண்றது அவங்க. அவங்க வாயால சொல்லணும்."

அக்கா சேலை முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே நின்னுச்சு. அந்த வீட்டுல ஒரு பெரிய அலுமாரி இருந்துச்சு. ஐயா முகத்தைப் பார்க்காம அந்த அலுமாரிப் பக்கம் திரும்பி, பேரைச் சொல்லுச்சு.

"கேக்கல."

இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுச்சு. வெளிய தோட்டத்துல புல் வெட்டிக்கிட்டு இருந்தவன் கூட நிமிந்து பார்த்தான். ஐயா முத்திரையைக் குத்திக் குடுத்தாரு.

நான் எத்தனை வருசம் காத்துக்கிட்டிருந்த பேரு அது. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் "தோத்துட்டியே யக்கா"ன்னு கத்தணும்னு எப்பவோ நினைச்சு வச்சிருந்தேன். மேட்டுல இருந்து இறங்கும்போது கல்லை உதைச்சுக்கிட்டே நடந்தேன். அக்காதான் பேசுச்சு. "நீ ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? தாலியே போயிருச்சு. பேரை மட்டும் பொத்தி வச்சு என்ன செய்யப் போறேன்?"

அன்னைக்கே நம்பர், பெட்டிசன், சத்தியக் கடுதாசி மூணையும் ஸ்டேசன்ல குடுத்தோம். வெள்ளிக்கிழமை துரைகிட்ட இருந்து உத்தரவு வந்துச்சு. போய் வாக்குமூலம் எழுதிட்டு வரச் சொல்லி ஒரு ராலாமியை அனுப்பினாங்க. நான் அவரு கூடவே நடந்தேன். மனசுக்குள்ள குதிக்கிறேன். வழியில அவரு தொப்பியைப் பத்திக் கூட ரெண்டு வார்த்தை கேலி பேசினேன். அவரும் சிரிச்சாரு.

பள்ளிக்கூடத்து வாசல்ல அக்கா உக்காந்திருந்துச்சு. கஞ்சி வாளி பக்கத்துல இருந்துச்சு, ஆறிப் போய் ஆடை கட்டியிருந்துச்சு. எங்களைப் பார்த்து எந்திரிக்கவே இல்ல.

கிழவரு காலையிலதான் போயிருக்காரு. அந்தப் பாயில அதுக்குள்ள வேற ஒரு ஆளைப் படுக்க வச்சிட்டாங்க.

ராலாமி உள்ள போய்ப் பார்த்தாரு. பாயில கிடந்தவனை, "நீயா சாட்சி?"ன்னு கேட்டாரு. அவன் காய்ச்சல்ல "ஆமா, ஆமா"ன்னான். எதுக்குக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பான். நான்தான் இவரு இல்லீங்கன்னு சொன்னேன்.

"வேற யாரு பார்த்தது?"

"அவரு மட்டும்தான் ராலாமி. ஆனா எங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னாரு. நாங்க காதால கேட்டோம்."

"கேட்டதை எழுத முடியாதுப்பா. பார்த்தவன் சொல்லணும்."

நான் பில் தாளை நீட்டினேன். முன்பக்கம் சீத்தைத் துணி, வேட்டின்னு அச்சடிச்சிருந்துச்சு. பின்பக்கம் என் எழுத்தும் கரிக் கைநாட்டும். அவரு ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"இது யாரு எழுதினது?"

"நானு."

"நீ இவங்க கூடப் பொறந்த தம்பிதானே?"

"ஆமா."

மடிச்சு என் கையிலேயே குடுத்துட்டாரு. திட்டல. திட்டியிருந்தா நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். கொப்பியில ரெண்டு வரி எழுதிக்கிட்டு, அக்காவைப் பார்த்து, "போயிட்டு வர்றேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்குப் பிறகும் அக்கா விடல. கிழவரோட சம்சாரத்தைத் தேடிப் போனோம். அந்தம்மா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டே, எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்களை விட்டுருங்கன்னு சொல்லிருச்சு. இன்னும் ரெண்டு பெட்டிசன் போட்டோம். ஒரு மாசம் கழிச்சு ஒரு கடுதாசி வந்துச்சு. நானாகிட்ட கொண்டு போனோம். அவரு ஒரு தரம் மனசுக்குள்ள வாசிச்சாரு. அப்புறம் வாய் விட்டுச் சொன்னாரு.

"பாத்தாங்களாம், தங்கச்சி. மேல செய்றதுக்கு ஒண்டும் இல்லயாம்."

"பேரையாவது மாத்தினாங்களா, நானா?"

நானா மறுபடியும் மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. "அதப் பத்தி ஒண்டும் எழுதல்ல."

அக்கா கடுதாசியை வாங்கி இடுப்புல செருகிக்கிட்டுச்சு. வீட்டுக்குத் திரும்புற வழி ஸ்டோருக்கு முன்னாலதான். சுத்திப் போகலாம்னு சொன்னேன். கால் வலிக்குதுடான்னுச்சு.

வாசல்ல ஒரு லொறி நின்னுச்சு. மூட்டை ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தன் முதுகுல மூட்டையோட ரோட்டைக் கடந்து வந்தான். இன்னொருத்தன், கங்காணி ஆனவன், தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு லொறிப் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தான். எங்களைத் திரும்பிப் பார்த்தான். அடையாளம் தெரிஞ்சுச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியல.

"கொஞ்சம் ஒதுங்கிக்கங்கம்மா, மூட்டை வருது"ன்னு மரியாதையாத்தான் சொன்னான்.

அக்கா ரோட்டோரச் சாக்கடைக் கான் ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. தெருவுல யாரு என்ன சொன்னாலும் எனக்கு உடனே ஒரு பதில் வாயில வரும், அதுக்குன்னே கடையில என்னை வச்சிருக்காங்க. அன்னைக்கு நானும் அக்கா பக்கத்துல போய் நின்னேன். மூணு மூட்டை போச்சு. நாலாவது வர்றதுக்குள்ள ரோட்டைக் கடந்துட்டோம்.